கட்டிலை விட்டு எழுந்த கதை

"அம்மா நல்லா ரெஸ்ட் எடுக்கறாங்க சார், கவலையே படாதீங்க." ஊரில் பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, புனேயிலும் குர்காவ்னிலும் உட்கார்ந்து மாதாமாதம் பணம் அனுப்பும் நம் ஜனங்கள் போனில் கேட்டு நிம்மதியாகிற வாக்கியம் இது. எனக்கு இதைக் கேட்டால் இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. காரணம் சொல்ல 1935-க்குப் போக வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த் என்ற இடத்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அதன் அருகே அந்தக் காலத்தில் ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. வொர்க்ஹவுஸ் என்பார்கள். போக்கிடம் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, வேலை வாங்கிச் சோறு போடும் இடம். அதை ஒட்டிய நோயாளிகள் பகுதியை 1935-ல் மருத்துவமனையோடு இணைத்தார்கள். உள்ளே 714 பேர். பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர் தலையில் விழுந்தது.

பக்கவாதம் வந்தவர், எலும்பு முறிந்தவர், மூட்டு இறுகிப்போனவர், நினைவு தப்பியவர் எல்லோரும் ஒரே வார்டில் கலந்து கிடந்தார்கள். தீராத நோயாளிகள் என்று ஒரே முத்திரை. வயதானால் அப்படித்தான் என்று யாரும் நோயைக்கூடத் தேடவில்லை. வாரன் செய்தது இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். வகை பிரித்தார். எழ முடிந்தவர்களை எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைத்தார். பலர் வெளியேறிப் போனார்கள். 714 படுக்கைகள் 240 ஆகக் குறைந்தன. 1943-லும் 1946-லும் மருத்துவ இதழ்களில் இதையெல்லாம் எழுதினார். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படுக்கவைத்ததே பாதி நோய் என்று கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு லண்டன் டாக்டர் 'படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள்' என்ற பொருளில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். நுரையீரலில் சளி கட்டுவது, காலில் ரத்தம் உறைவது, படுக்கைப் புண், மலச்சிக்கல், எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைவது, கடைசியில் மனசே சோர்ந்துபோவது என்று உறுப்பு உறுப்பாகக் கிழித்திருப்பார். நல்ல நக்கல் பேர்வழி. (பீட்டில்ஸ் பிரியர்களுக்கு ஓர் உபரித் தகவல்: பால் மெக்கார்ட்னி 60-களில் சில வருடங்கள் இவர் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தார். ஆஷரின் மகள் ஜேன் அப்போது அவருடைய காதலி.)

ஆஷர் சொன்னதற்குக் கணக்கு பின்னால் கிடைத்தது. 2007-ல் அமெரிக்காவில், சராசரியாக 67 வயதான ஆரோக்கியமான ஆட்கள் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்துவிட்டது. நோய் இல்லாதவர்களுக்கே பத்து நாளில் இந்தக் கதி!

சரி, எழுப்பி நடக்கவைப்பது ஒன்று. தொண்ணூறு வயதுக்காரரை எடை தூக்கச் சொல்வது? 1990-ல் அதையும் செய்தார்கள். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லம். மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் பத்துப் பேரைச் சேர்த்தார், சராசரி வயது 90. தொடையின் முன்பக்கத் தசைக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி. ஒரு தடவையில் அதிகபட்சம் எவ்வளவு எடையைக் காலால் தூக்க முடியுமோ, அதில் 80 சதவீதம் வரை. ஜிம்மில் இளவட்டங்கள் செய்கிற அளவு. எட்டு வாரம் முடித்த ஒன்பது பேருக்கும் சராசரியாக 174 சதவீதம் வலு கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் 32 சதவீதம் இறங்கியும் போனது. இந்த இரண்டாவது எண்ணை யாரும் சொல்வதில்லை. "பத்து செஷன் பேக்கேஜ்" விற்பவர்கள் கண்டிப்பாகச் சொல்ல மாட்டார்கள்.

1994-ல் அவரே சராசரி 87 வயதுள்ள 100 பேரை வைத்துத் திரும்பச் செய்தார். இந்தமுறை சத்துபானம் மட்டும் கொடுத்த குழு ஒன்றும் இருந்தது. பயிற்சி செய்தவர்கள் வேகமாக நடந்தார்கள், படி ஏறினார்கள். வெறும் சத்துபானம் இதில் எதையும் தரவில்லை. ஊருக்குப் போகும்போது புரோட்டீன் பவுடர் டின் டின்னாக வாங்கிப் போகிறோமே, அவர்களுக்காக இதைச் சொன்னேன்.

இவ்வளவு தெரிந்தும் இல்லங்கள் ஏன் படுக்கவைக்கின்றன? என் பெரியம்மா இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு கோவைப் பக்கம் ஓர் இல்லத்தில் இருந்தார். வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் நடக்கவிட மாட்டார்கள். கேட்டால், "விழுந்துட்டா யாருங்க பொறுப்பு? நீங்க எங்கயோ இருக்கீங்க" என்றார் மேனேஜர். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முதல் கேள்விக்கு உண்டு. அமெரிக்காவில் நாற்காலியோடு முதியவர்களைக் கட்டிவைக்கும் பழக்கம் பரவலாக இருந்தது, விழாமல் காப்பதற்காம். தண்டனைக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ கட்டக்கூடாது என்று 1987-ல் சட்டம் வந்தது. 1992-ல் வெளியான ஓர் ஆய்வு 397 பேரைக் கவனித்தது. கட்டப்படாதவர்களில் 5 சதவீதம் பேருக்கு விழுந்து பலத்த அடி. கட்டப்பட்டவர்களில் 17 சதவீதம்! கட்டப்பட்டவர்கள் ஏற்கெனவே பலவீனமானவர்கள் என்பதும் இதில் உண்டுதான். ஆனாலும் கட்டியது காப்பாற்றவில்லை.

நம்மூரிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கினார். சிகிச்சை முறை நமக்குப் புதிதில்லை. இல்லங்களுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

அடுத்தது மூளை. இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2011-ல் அமெரிக்காவில் மறதி நோய் இல்லாத 120 முதியவர்களில் பாதிப் பேரை ஒரு வருடம் நடக்கவைத்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அவர்களுக்கு 2 சதவீதம் பெருத்தது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்குச் சுருங்கியது. உடனே "நடந்தால் மறதி போகும்" என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் 2018-ல் இங்கிலாந்தில், ஏற்கெனவே டிமென்ஷியா வந்த 494 பேரிடம் கடுமையான பயிற்சியைச் சோதித்தார்கள். உடல் தெம்பு கூடியது. நினைவாற்றலின் சரிவு நிற்கவில்லை.

அப்படியானால் மறதிக்காரருக்குப் பயிற்சி வீணா? 2007-ல் பிரான்சில் இல்லங்களில் இருந்த 134 அல்சைமர் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடம், வாரம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம். நடை, பலம், சமநிலை, அவ்வளவுதான். குளிப்பது, உடுத்துவது, கக்கூஸ் போவது போன்ற தன் வேலைகளைத் தானே செய்யும் திறமை இவர்களுக்கு மெதுவாகத்தான் குறைந்தது. என்னைக் கேட்டால் இதுவே போதும். மகன் பெயர் மறந்தாலும் தன் காலில் பாத்ரூம் போய்வருவது சின்ன விஷயமா என்ன?

போன மாதம் நண்பர் ஒருவர் தன் அப்பாவுக்காக இங்கே புனேயில் பார்த்து வைத்திருந்த இல்லத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். பளபளவென்று மூளைப் பயிற்சி அறை, சுவர் முழுக்கத் தொடுதிரை. வராந்தாவில் பிடித்து நடக்கக் கைப்பிடிக் கம்பி எங்கே என்று கேட்டேன். "அது அடுத்த ஃபேஸ்ல வரும் சார்" என்றார்கள்.