எஸ்எம்எஸ்ல தமிழுக்கு 70 எழுத்துதான்

'ஜிஎம்', 'ஹெச்ஆர்யூ', 'டிசி'. எஸ்எம்எஸ் காலத்துல இப்படிச் சுருக்கி, தமிழையும் ஆங்கில எழுத்துல அடிச்ச தலைமுறையை 'தமிழ் மறந்தவங்க'ன்னு திட்டுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கணக்கைப் பாருங்க.

1985ல, ஜெர்மனியில ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்கிற பொறியாளர் டைப்ரைட்டர்ல மனசுக்குத் தோணின வாக்கியங்களை அடிச்சு, எழுத்தை எண்ணிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாமே 160க்குள்ள முடிஞ்சது. போதும்னு முடிவு பண்ணினார்.

யாருக்குப் போதும்? ஒரு எஸ்எம்எஸ்ஸோட கொள்ளளவு 1120 பிட். ஆங்கில எழுத்து ஒண்ணுக்கு 7 பிட், அதனால 160. தமிழ் யூனிகோட்ல போகும், ஒண்ணுக்கு 16 பிட். ஆக, 70தான். அதுலயும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனிக்கணக்கு. 'தமிழ்'னு அடிச்சா 3 இல்லைங்க, 5! கொஞ்சம் நீளமா பொங்கல் வாழ்த்து எழுதினா ரெண்டு மெசேஜ் காசு. அந்தப் பக்கம் இருக்கிறது பழைய போன்னா, வெறும் கட்டம் கட்டமா தெரியும்.

சுருக்கி எழுதுறது நமக்குப் புதுசும் இல்லை. பழைய பத்திரங்களைப் புரட்டுங்க: வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, மேற்படிக்கு ௸. எழுதினவங்களை யாரும் திட்டலை. அந்தக் குறிகள் எல்லாம் இப்போ யூனிகோட்லயே இருக்கு.