வானிலிருந்து வந்த வகுப்பு: இந்தியச் செய்மதித் தொலைக்காட்சிக் கல்விப் பரிசோதனை, 1975 - 76

கல்விக்கூடங்களிற் புதிய கருவிகளைப் புகுத்தும் முயற்சிகள் பற்றி எழுதுவோர் கருவியின் ஆற்றலையே பெரிதும் பேசுவர். அக்கருவி ஆசிரியருக்கு எத்தகைய இடத்தை வழங்கிற்று என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. 1975 - 76 காலப்பகுதியில் இந்தியா நடத்திய செய்மதித் தொலைக்காட்சிக் கல்விப் பரிசோதனையை இவ்வினாவின் துணைகொண்டு நோக்குதல் பயனுடையதாகும்.

இம்முயற்சியின் மூலகர்த்தா விக்ரம் சாராபாய் ஆவார். தொலைக்காட்சி நகரங்களில் வேரூன்றிப் பின்னர் கிராமங்களுக்குப் பரவும்வரை காத்திராது, பின்தங்கிய கிராமங்களுக்கே அதனை நேராகக் கொண்டுசெல்லல் வேண்டும் என அவர் கருதினார். இதன்பொருட்டு 1969 செப்டெம்பரில் இந்திய அணுசக்தித் திணைக்களத்திற்கும் அமெரிக்காவின் நாசா நிறுவனத்திற்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சாராபாய் 1971இற் காலமானார். எனினும், 1974இல் ஏவப்பட்ட ஏ.ரி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செய்மதி அடுத்த ஆண்டில் இந்தியாவின் பயன்பாட்டிற்கென இடம் மாற்றப்பட்டது. 1975 ஓகஸ்ட் 1ஆம் திகதி தொடங்கிய ஒளிபரப்பு ஓராண்டு நீடித்தது.

ஆந்திரப் பிரதேசம், ஒரிசா, கர்நாடகம், பீகார், மத்தியப் பிரதேசம், இராசஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் தெரிவுசெய்யப்பட்டன. பொதுவிடங்களில் கம்பிவலையாலான வாங்கிகளுடன் தொலைக்காட்சிப் பெட்டிகள் நிறுவப்பட்டன. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளாக்கின் இல்லத்திலும் இந்தியப் பொறியியலாளர் ஒரு வாங்கியை அமைத்தனர். செய்மதி வழித் தொடர்பாடல் பற்றி 1945இலேயே எழுதியவர் அவர். இலங்கையிலே தொலைக்காட்சிச் சேவை 1979இலேயே ஆரம்பமாயிற்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

காலை வேளையிற் பாடசாலைச் சிறுவர்க்கும், மாலையில் ஊரவர்க்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளுக்குச் செய்மதி ஒன்றே பொதுவாக இருந்தமையால், ஒவ்வொரு மொழியிலும் சிறுவர்க்குக் கிடைத்த நேரம் அரை மணிக்கும் குறைவே.

இடர்ப்பாடுகள் இங்கேயே தோன்றின. மின்சாரமற்ற கிராமங்களில் மின்கலங்களை நம்பவேண்டியிருந்தது. பழுதுற்ற பெட்டியைத் திருத்துவோர் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. இவை பொருட்செலவால் தீர்க்கத்தக்கவை. அடிப்படைச் சிக்கலோ வேறு. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தனர். நிகழ்ச்சிகள் எந்த மாநிலத்தின் பாடத்திட்டத்தையும் ஒட்டியனவல்ல. பிள்ளைக்கு விளங்காதவிடத்துத் திரையை நிறுத்தவோ, மீளக் காட்டவோ ஆசிரியரால் இயலாது. தமது வகுப்பறையிலேயே அவரும் ஒரு பார்வையாளரானார். சிறுவரது மொழித்திறனிலும் அறியும் ஆர்வத்திலும் வளர்ச்சி காணப்பட்டதெனினும், பாடங்களிலான அடைவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படவில்லை என்பதே பின்னர் வந்த மதிப்பீடுகளின் பொதுமுடிபு.

இதே பரிசோதனையின் மற்றொரு கூறு வேறுவகையாக அமைந்தது. 1975 ஒக்டோபரில் சுமார் 24,000 ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பதிற் பன்னிரண்டு நாட் பயிற்சி அளிக்கப்பட்டது. தொலைக்காட்சியுடன் வானொலியும், அச்சிட்ட பாடநூல்களும், நேரடிச் செய்முறைகளும், ஐயந்தீர்க்கும் வழிகாட்டிகளும் அங்கு இணைந்திருந்தன. திரையிற் கண்டதை ஆசிரியர் தம் கையாற் செய்துபார்த்தார், ஐயமுற்றபோது வினவினார். பயிற்சி பெரிதும் பயனளித்ததாக மதிப்பிடப்பட்டது. ஒரே செய்மதி, ஒரே பெட்டி. பயன் வேறுபட்டமைக்குக் காரணம் கருவியைச் சூழ்ந்திருந்த ஏற்பாடே எனலாம்.

1976 யூலை 31இல் ஒளிபரப்பு முடிவுற்றது. இரவலாகப் பெற்ற செய்மதியை அமெரிக்கா மீண்டும் தன் பயன்பாட்டிற்கென நகர்த்திக்கொண்டது. பழகிய நிகழ்ச்சியைப் பல்லாயிரம் சிறுவர் ஒரே நாளில் இழந்தனர். கல்விக்கென்றே இந்தியா தன் சொந்தச் செய்மதியை ஏவியது 2004இலாகும். செய்மதி சென்றபின் அக்கிராமங்களில் எஞ்சியவர், கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்ட ஆசிரியரே. அவர் பெற்ற அறிவை எவரும் திருப்பிக் கேட்கவில்லை. வகுப்பறைக்குப் புதுக்கருவி கொணர்வோர் முதலிற் செலவிடவேண்டிய இடம் எது என்பதற்கு இவ்வரலாறு தரும் விடை இதுவே.