ஒரட்டோரியோ: கூடத்தின் பெயர் பாட்டுக்கு வந்தது

இலத்தீனில் 'ஓராரே' என்றால் பேசுதல், மன்றாடுதல், செபித்தல். மேடைப் பேச்சாளரைக் குறிக்கும் 'ஆரேட்டர்' இந்த வேரில் கிளைத்ததுதான். செபிக்கும் இடம் 'ஓராட்டோரியம்'; இத்தாலியர் வாயில் 'ஒரட்டோரியோ'. செபக்கூடம், அவ்வளவுதான். இசைக்கும் அதற்கும் அப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உறவை உண்டாக்கியவர் பிலிப்போ நேரி. 16ஆம் நூற்றாண்டு ரோமில் இந்தப் பாதிரியார் எளிய மக்களைச் செபக்கூடத்தில் கூட்டினார். செபம், பேச்சு, இடையிடையே மக்கள் மொழியான இத்தாலியத்தில் பக்திப் பாட்டு. கோயில் வழிபாடு இலத்தீனில் நடந்த காலம் அது. கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை. 1575இல் அவருடைய சபைக்குப் போப்பின் ஏற்பும் வல்லிச்செல்லா கோயிலும் கிடைத்தன. 1600இல் அங்கேயே இசையமைப்பாளர் எமிலியோ தே கவாலியேரியின் 'உயிர்–உடல் உரையாடல்' அரங்கேறியது. அதை முதல் ஒரட்டோரியோ என்பார்கள். ஒரட்டோரியோ என்றால் இன்று வேடமும் நடிப்பும் இல்லாமல் பாடும் பக்திக் கதைப்பாட்டு. இதில் அவை இரண்டும் இருந்ததால் எனக்கு அது இசைநாடகமான ஓபராவின் பங்காளியாகவே படுகிறது.

இடத்தின் பெயர் பாட்டைக் குறித்ததற்குப் பழைய சான்று 1640இல் பியெத்ரோ தெல்லா வல்லே எழுதிய கடிதம். 1620களில் கோவா, இக்கேரி, கள்ளிக்கோட்டை என்று நம் பக்கம் சுற்றிய அதே பயணிதான் இவர்.

பெயர் நிலைத்ததும் பாட்டு கூடத்தைவிட்டு வெளியேறியது. அந்நாளில் தவக்காலத்தில் ஓபராவுக்குத் தடை. பிரபுக்களின் மாளிகைகளில் அந்த இடத்தை ஒரட்டோரியோ நிரப்பியது. லண்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1732இல் இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'எஸ்தர்' மேடைக்கு வர இருந்தது. அரச தேவாலயத்துப் பாடகச் சிறுவர்கள் நாடகக் கொட்டகையில் நடிக்கக்கூடாது என்று பிஷப் கிப்சன் தடுத்தார். ஹாண்டெல் நடிப்பை நீக்கிவிட்டு, பாட்டை மட்டும் கொட்டகையில் நடத்தினார். பிஷப்பின் தடையே ஆங்கில ஒரட்டோரியோவுக்கு வடிவம் கொடுத்துவிட்டது! 1742இல் டப்ளினில் அவருடைய 'மெசையா' முதலில் ஒலித்ததும் இசை மண்டபத்தில்தான். மறு ஆண்டு லண்டன் கொட்டகைக்கு வந்தபோது, நாடகம் ஆடும் இடத்தில் வேதவசனமா என்று பத்திரிகையில் சண்டை. விளம்பரத்தில் 'மெசையா' என்ற பெயரைப் போடாமல் 'புதிய புனித ஒரட்டோரியோ' என்றே அறிவித்தார்கள்.

ஜெர்மனியின் லைப்ஸிக்கில் கதை வேறு. இசையமைப்பாளர் பாஹ் தம் கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோவை ஆறு பகுதிகளாக அமைத்தார். 1734 டிசம்பர் 25 முதல் 1735 ஜனவரி 6 வரை, ஆறு திருநாள்களில் நாளுக்கு ஒன்றாக, வழிபாட்டுக்குள்ளேயே பாடப்பட்டது. தொடக்கத்தில் முழங்கும் முரசும் எக்காளமும் 1733இல் சாக்சனி அரசியின் பிறந்தநாளுக்கு அவர் எழுதியவை. அரசிக்குப் போட்ட மாலையை ஆண்டவருக்குப் போட்டார். யாரும் குறை சொல்லவில்லை. இத்தாலிய இலக்கணப்படி அது ஒரட்டோரியோதானா என்று அறிஞர்கள் இழுக்கலாம். செபம் நடந்த இடத்தில், செபத்தின் பகுதியாகப் பாடப்பட்டது என்பதால் பெயருக்கு உரியது அதுதான் என்பேன். முதலில் அதைக் கேளுங்கள். 'மெசையா' எப்படியும் காதில் விழத்தான் போகிறது.