சாயம் போகிற துணி

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் சென்னீர்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. காலை வேளையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் கவனித்துப் பார்க்கட்டும். பால் வாங்கப் போகிறவர், டீக்கடைப் பெஞ்சில் பத்திரிகை படிக்கிறவர், வாசலில் நின்று பல் துலக்குகிறவர் என்று எத்தனை பேர் இடுப்பில் கட்டம் போட்ட கைலி! ஐம்பது வருஷத்தில் எத்தனையோ உடுப்புகள் வந்து போய்விட்டன. தெருவைக் கூட்டிக்கொண்டு போன பெல்பாட்டம் கால்சட்டையைக் கட்டிக்கொண்டவர்கள் இன்று தங்கள் பழைய போட்டோவை ஒளித்து வைக்கிறார்கள். கைலியின் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அதை நாகரிகம் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. கைலியோடு கல்யாண வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள், பந்தியில் இடம் கிடைத்தாலும் மரியாதை கிடைக்காது. இதே கட்டத்துணி அமெரிக்காவில் சட்டையாகத் தைக்கப்பட்டு, 'மெட்ராஸ்' என்ற பெயரோடு, கோடைக்குக் கோடை பெரிய மனிதர்களின் அலமாரியில் இடம் பிடித்துக்கொள்கிறது. ஒரே துணி இங்கே வீட்டு உடுப்பு, அங்கே விருந்து உடுப்பு. இந்த விந்தை எப்படி நேர்ந்தது?

கதை பூவிருந்தவல்லிக்குப் பக்கத்திலேயே ஆரம்பமாகிறது. 1639-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர் கடற்கரையில் ஒரு துண்டு மணலைக் கேட்டு வந்தபோது, இந்தப் பிரதேசத்தில் அதிகாரம் செலுத்தியவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்துகொண்டு இந்தப் பேச்சில் முன்நின்றார். டே துரை அந்த மணலைத் தேர்ந்தெடுத்ததற்குச் சாந்தோமில் இருந்த ஒரு பெண்தான் காரணம் என்று பழைய வதந்தி ஒன்று உண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு அது தேன் போல இனிக்கும். ஆனால் கும்பினியாரின் கடிதங்களில் காதல் வாசனை இல்லை. துணி வாசனைதான் இருக்கிறது. இங்கே துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது மலிவு என்பதே அவர்கள் சொன்ன நியாயம். கோட்டை பிறகு வந்தது, கொடி பிறகு வந்தது. முதலில் வந்தது துணி.

கும்பினியாருக்கு முன்பே டச்சுக்காரர்கள் வடக்கே பழவேற்காட்டில் குடியேறிவிட்டார்கள். 1613-இல் அங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழ மண்டலக் கரையின் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கிழக்குத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். பழவேற்காடு வெள்ளைக்காரன் வாயில் 'புலிகாட்' ஆயிற்று. மலாய் மொழியில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்'. ஊர் சிறுத்துப்போய் ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் கடல் கடந்த நாட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மசூதிக்குப் போய் வருகிறது.

ஸ்காட்லாந்துப் பட்டாளத்தாரின் உடுப்பைப் பார்த்துத்தான் நம் நெசவாளர்கள் கட்டம் போடக் கற்றுக்கொண்டார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. அந்தப் பட்டாளம் இந்தக் கரையில் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே கட்டத்துணி இங்கிருந்து கப்பலேறிவிட்டது. கட்டம் போடுவதற்கு யாரிடமும் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. பாவில் சில நூல்களுக்குச் சாயம் ஏற்று. ஊடையிலும் அதே கணக்கில் ஏற்று. தறியில் இரண்டும் சந்திக்கிற இடத்தில் கட்டம் தானாக விழும். நூலிலேயே வர்ணம் இருப்பதால் துணிக்கு உள்புறம், வெளிப்புறம் என்ற பேதமில்லை. எப்படித் திருப்பிக் கட்டினாலும் அதே முகம். இந்தத் துணி தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு, அழகைக் காட்டிலும் இந்தச் சௌகரியமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கும்பினியார் நெசவாளர்களைச் சுற்றிலும் குடிவைத்தார்கள். 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் உண்டான சிந்தாதிரிப்பேட்டை நூற்பவர், நெய்பவர், சாயம் ஏற்றுபவர், துணி வெளுப்பவர் ஆகியோருக்கென்றே அமைந்த ஊர். வண்ணாரப்பேட்டையின் பெயரும் அந்தத் துணி வெளுப்பில் வந்ததுதான். சென்னையின் பேட்டைகளைத் தட்டினால் பாதி இடங்களில் தறிச் சத்தம் கேட்கும்.

இந்தத் துணி போன வழியில் சொல்லக் கூசுகிற ஒரு பகுதியும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கிய ஐரோப்பியர், அந்த விலையில் ஒரு பகுதியை இந்தியத் துணியாகக் கொடுத்தார்கள். நம் ஊர் நெசவாளன் பாவு நீட்டிக் கஞ்சி போட்ட துணி எந்தச் சந்தையில் எதற்கு ஈடாக விரிக்கப்பட்டது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படிக் கடல் கடந்து கொண்டுபோகப்பட்டவர்களின் தலையிலும் இதே துணிதான் ஏறியது. 1786-இல் லூசியானாவின் ஸ்பானிய கவர்னர் எஸ்தேபன் மிரோ, கறுப்பு இனத்துப் பெண்களும் கலப்பு இனத்துப் பெண்களும் கூந்தலை அலங்கரித்து வெளியே வரக்கூடாது, துணியால் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெண்கள் பணிந்தார்கள். எப்படிப் பணிந்தார்கள்? வர்ணக் கட்டங்கள் மின்னும் துணிகளை எடுத்து, முடிச்சுமேல் முடிச்சாக ஒரு கிரீடத்தைப் போலக் கட்டிக்கொண்டார்கள்! மார்த்தினீக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிகா தீவுகளில் இந்தத் தலைக்கட்டு ஒரு பாஷையாகவே வளர்ந்தது. ஒரே முனை நிமிர்ந்திருந்தால் அந்தப் பெண்ணின் மனம் இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை. முனைகள் கூடக் கூடக் கதையும் மாறும். தீவுக்குத் தீவு கணக்கும் மாறும். இன்று அந்தத் தீவுகளின் தேசிய உடையில் 'மெட்ராஸ்' கட்டாயம் உண்டு.

நைஜீரியாவின் கலபாரி மக்கள் செய்ததும் நேர்த்தியான வேலை. 'இஞ்சிரி' என்று அவர்கள் அழைக்கும் மெட்ராஸ் துணியை வாங்கி, அதிலுள்ள சில நூல்களை மட்டும் பொறுக்கி அறுத்து உருவிவிடுகிறார்கள். மிஞ்சிய நூல்கள் ஒரு புதிய கோலமாக நிற்கின்றன. அதற்குப் 'பெலெத்தே பீத்தே' என்று பெயர். இங்கே ஒருவன் நூலைச் சேர்த்துக் கட்டம் போட்டான். அங்கே ஒருத்தி நூலை எடுத்துக் கட்டத்தை மாற்றினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மான்செஸ்டர் ஆலைகள் இந்தத் துணியைப் போல நகல் செய்து மலிவாகத் தள்ளியபோது, அசலுக்கு 'ரியல் மெட்ராஸ்' என்று அடைமொழி கொடுக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற துணி இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து, கண்ணூர்க்காரரான கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரைச் சந்தித்தார். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய அதே நாயர்தான். நாயரே பின்னாளில் சொன்ன கதை இது. ஜேக்கப்சன் பத்தாயிரம் கெஜம் மெட்ராஸ் துணி வாங்கினார். "சாயம் போகும், குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும்" என்று நாயர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. துணி சட்டையாயிற்று, சட்டை சலவை இயந்திரத்துக்குள் போயிற்று, கூடப் போன வெள்ளைத் துணிகளெல்லாம் வானவில்லாகத் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் கொதித்தார்கள். வழக்கறிஞர்கள் கிளம்பினார்கள்.

நம் ஊர்க் கடையாக இருந்தால் அன்றோடு அந்தத் துணிக்குச் சமாதிதான். அங்கே நடந்தது வேறு. 'செவன்டீன்' என்ற இளம்பெண்கள் பத்திரிகையில், துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் இந்தியக் கைத்தறி அதிசயம் என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை வந்தது. "சாயம் போகும் என்று உத்தரவாதம்" என்பதே விளம்பரமாயிற்று. குறையைக் கொண்டாட்டமாக்கிவிட்டார்கள்! கல்லூரி மாணவர்கள், சட்டை எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு பெருமை என்று அணிந்தார்கள்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. அந்தப் பெருமையில் தறிக்குழியில் கால் வைத்திருந்தவனுக்கு என்ன பங்கு? விளம்பரம் எழுதியவரின் பெயர், விற்ற கடையின் பெயர், வாங்கி வந்தவரின் பெயர் எல்லாம் சரித்திரத்தில் இருக்கின்றன. அந்தப் பத்தாயிரம் கெஜத்தை நெய்தவர்களில் ஒருவரின் பெயரைக்கூட இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை.

இங்கே தறிகள் என்ன ஆயின? குடியாத்தமும் குறிஞ்சிப்பாடியும் கைலிக்குப் பேர் போன ஊர்கள். விசைத்தறி வந்ததும் கைத்தறிக்காரர்கள் விலையில் நிற்க முடியவில்லை. 1985-இல் மத்திய அரசு சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி ஒரு சட்டம் செய்தது. அந்தப் பட்டியலில் லுங்கியும் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பூவிருந்தவல்லிக் கடைவீதியில் அடுக்கிவைத்திருக்கும் கைலிகளில் எத்தனை கைத்தறி என்று கேட்டால், கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

கைத்தறிக் கைலியைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பிரமாதமான வித்தையில்லை. துணியை மடித்து, கட்டத்தின் மேல் கட்டத்தை வைத்துப் பாருங்கள். விசைத்தறியில் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். கைத்தறியில் ஒரு கட்டம் ஒரு நூல் அகலமாக இருக்கும், அடுத்தது அரை நூல் குறையும். காலையில் பலகையை ஓங்கி அடித்த கை, மாலையில் கொஞ்சம் தளர்ந்து அடித்திருக்கும். அமெரிக்கக் கடையில் இந்தப் பிசகுக்குத் தனி விலை உண்டு. நம் கடையில் இதைக் காட்டி ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கிறார்கள், கடைக்காரரும் கொடுத்துவிடுகிறார்.