தோமையாரும் ஒரு ராஜாவின் பெயரும்

தோமையார் மயிலாப்பூருக்கு வந்தாரா என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. வந்தார், சாந்தோமில் கல்லறை இருக்கிறது என்பது ஒன்று. எல்லாம் போர்த்துக்கீசியர் கட்டிய கதை என்பது மற்றது. இரண்டுமே மூலப் பிரதியைப் படிக்கும் சிரமத்தைத் தவிர்த்துவிடுகின்றன.

பைபிளில் தோமா இந்தியாவுக்கு வந்த செய்தி கிடையாது. அது இருப்பது 'தோமாவின் நடபடிகள்' என்ற நூலில். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அநேகமாக எடெஸ்ஸாவில், சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. திருச்சபை இதை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. தச்சனான தோமா ஒரு வியாபாரிக்கு அடிமையாக விற்கப்படுகிறார். இந்தியாவில் குந்தபார் என்ற ராஜாவுக்கு மாளிகை கட்ட ஒப்புக்கொண்டு, பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை சொர்க்கத்தில் எழும்பியிருக்கிறது என்கிறார். பாம்பு பேசுகிறது, கழுதைக்குட்டி பேசுகிறது. கடைசியில் வேறொரு ராஜாவின் ஆணைப்படி நான்கு சிப்பாய்கள் அவரை மலைமேல் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள். எலும்புகள் ரகசியமாக மேற்கே போய்விடுகின்றன. மயிலாப்பூர் என்ற பெயரும் இல்லை, வருஷமும் இல்லை.

வெறும் கற்பனை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் கிடைத்த காசுகளில் கொண்டோபரஸ் என்ற ராஜாவின் பெயர் இருந்தது. தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. பரவலாக ஏற்கப்பட்ட கணக்கில் அது கி.பி. 46. சரித்திரம் மறந்திருந்த ஒருவனைக் கதை நினைவில் வைத்திருந்தது. இதன் மதிப்பைக் குறைக்க நான் தயாரில்லை. ஆனால் இது நிரூபிப்பது என்ன? எழுதியவனுக்கு வடமேற்கு இந்தியாவைப் பற்றி ஏதோ தெரிந்திருந்தது என்பதை. ராஜா நிஜம் என்பதால் தச்சன் நிஜமாகிவிட மாட்டான். அப்படியே ஆனாலும் அவன் போய்ச் சேருவது தட்சசீலத்தின் பக்கம், மயிலாப்பூர் அல்ல.

மயிலாப்பூரின் சாட்சியம் பிற்பட்டது. நாலாம் நூற்றாண்டு யாத்ரீகர்கள் தோமாவின் கல்லறையை எடெஸ்ஸாவில் வணங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கரையில் ஒரு கல்லறையைப் பற்றிச் சொல்கிறார். போர்த்துக்கீசியர் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பு என்பதால் அவர்கள் கட்டிய கதை என்ற வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. ஆனால் போலோ கேட்ட கதையில் சிப்பாய்கள் இல்லை. மயில்கள் சூழத் தோமா ஜெபித்துக்கொண்டிருக்கிறார்; மயிலுக்கு எய்த அம்பு தவறி அவர்மேல் படுகிறது. ஊர்ப்பெயர் கதைக்குள் நுழைந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. அதே பெயர்தான் கபாலீச்சரத்தில் அம்பாளை மயிலாக்கிச் சிவபூஜை செய்ய வைத்திருக்கிறது.

1523இல் போர்த்துக்கீசியர் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகளோடு ஒரு ஈட்டிமுனையும் கிடைத்தது என்றார்கள். அம்பு மறைந்து ஈட்டி திரும்பிவிட்டது. தோண்டியவர்கள் புத்தகம் தெரிந்தவர்கள். 1547இல் பரங்கிமலையில் எழுத்துப் பொறித்த சிலுவை ஒன்று அகப்பட்டது. உள்ளூர்ப் பண்டிதர் ஒருவர் அந்தச் சில சொற்களில் தோமாவின் வரவையும் மரணத்தையும் விரிவாக வாசித்துக் காட்டினார். 1873இல் பர்னெல் அது பஹ்லவி எழுத்து என்றார். தோமாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அவர் பெயர் அதில் இல்லை.

ரோமானியக் கப்பல்கள் முசிறிக்கு வந்துபோன நூற்றாண்டில் ஒரு யூதன் தெற்கே வந்திருப்பது சாத்தியமே. சாத்தியம் நிரூபணம் ஆகாது.

இதைக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துவிட முடியாது. நம்மிடமும் ஒரு ராஜாவின் பெயர் இருக்கிறது: கயவாகு. மகாவம்சத்தில் இரண்டாம் நூற்றாண்டில் ஒரு கஜபாகு வருகிறான் என்பதால் செங்குட்டுவனுக்குக் காலம் குறித்தோம். அந்த ஆணியில் சங்க காலம் முழுவதையும் மாட்டினோம். கண்ணகி விழாவுக்கு அவன் வந்ததை மகாவம்சம் சொல்லவில்லை. புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் இருப்பது தனிச் சாட்சியம். அதன் கனம் அதற்கு. அதைக் கொண்டு சிலம்பின் ஒவ்வொரு காட்சியையும் நடந்ததாக்க முடியாது. மூன்று சங்கங்களின் 9990 வருஷங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சாந்தோமில் சந்தேகிக்கிறவர்கள் வஞ்சியிலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த வரிக்கு வெளிச் சாட்சி இருக்கிறது, எந்த வரிக்கு இல்லை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மீதியைக் கவிதையாக வைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.