குவளாலத்துப் பொன்னும் மாரிக்குப்பத்துக் கைகளும்

பொன்னைப் பற்றித் தமிழ் இலக்கியம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அது அணியாக மாறிய பிறகுதான். கழலாகவும் சிலம்பாகவும் காசாகவும் கோயில் விமானத்துக் கூரையாகவும் அது நம் பாடல்களுள் மின்னுகிறது. மதுரைக் கடைவீதியில் நால்வகைப் பொன்னின் பெயரறிந்து விற்ற வணிகரைச் சிலப்பதிகாரம் காட்டும். அந்நால்வகையுள் ஒன்றாகிய சாம்பூநதம், மேருவின் பக்கத்தே நின்ற நாவல் மரத்தின் கனிச்சாறு ஆறாக ஓடி மண்ணோடு கலந்து பொன்னானது என்பது புராண மரபு. அழகிய கற்பனைதான். ஆனால் அக்கற்பனையில் மண்வெட்டி இல்லை. கூடை சுமக்கும் பெண் இல்லை. குழியுள் இறங்கிய மனிதன் இல்லை. பழம் பழுத்து விழுந்தது, பொன் பிறந்தது! வடஇந்தியப் பாலையில் நரியளவுள்ள எறும்புகள் பொன்மணலைத் தோண்டித் தந்ததாக எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசும் இவ்வகையில் நம் புராணிகர்க்கு உறவினரே. தோண்டிய கையை மறைப்பதற்கு ஓர் எறும்போ ஒரு நாவல் மரமோ தேவைப்பட்டிருக்கிறது.

இக்கட்டுரை அந்தக் கைகளைத் தேடும் ஒரு சிறு முயற்சி.

பொன்வேட்டை என்றவுடன் 1848-ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவும் 1851-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் நினைவுக்கு வரும். தட்டும் மண்வெட்டியும் கொண்டு ஆற்றங்கரையில் அமர்ந்த தனிமனிதன், ஒரே நாளில் செல்வனாகும் கனவு, ஒரே இரவில் எழும் கூடார நகரம் ஆகியவை அங்குள்ள கதைகளின் கூறுகள். தென்னாட்டிலும் அப்படியொரு காய்ச்சல் வந்ததுண்டு. வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி 1877-இல் மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அங்கே தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் குறும்பரும் பணியரும் ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் எடுத்து வந்தது பழைய வழக்கம். விக்டோரியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட பிரௌ ஸ்மித் என்னும் நிபுணர் அப்பகுதியை ஆய்ந்து நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றை அளித்தார். பிறகு கேட்க வேண்டுமா? 1880, 1881 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட குழுமங்கள் இலண்டனில் தொடங்கப்பெற்றன. காகிதத்தில் அவற்றின் முதல் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பவுன். காட்டின் நடுவே பந்தலூரில் பங்களாக்கள் எழுந்தன. குதிரைப் பந்தயத் திடலும் அமைந்தது. எந்திரங்கள் மலையேறி வந்து சேர்ந்து பாறையை அரைத்தபோதுதான், எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியே பொன் என்பது தெரிந்தது. சில ஆண்டுகளிலேயே எல்லாம் முடிந்தது. அங்கே பொன் எடுத்தவரைவிடப் பங்கு விற்றவரே பொன் கண்டனர் எனலாம். அம்மலைச் சரிவுகளில் இன்று தேயிலை விளைகிறது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலர் அத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இது தனியே எழுதத்தக்க வரலாறு.

வயநாட்டுக் குமிழி உடைந்துகொண்டிருந்த அதே நேரத்தில்தான் கோலார் விழித்தது.

கோலாரின் பழம்பெயர் குவளாலம். சோழர் கல்வெட்டுகள் அதனை நிகரிலிசோழ மண்டலத்துக் குவளால நாடு எனக் குறிக்கும். அவ்வூர்க் கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அக்கோயிலில் தேளின் பெயர் கொண்ட அம்மனும் உண்டு. தரையிலேயே வாய் திறந்திருக்கும் உண்டியலும் உண்டு. காணிக்கை பூமிக்குள் விழுகிறது. பொன் விளையும் மண்ணுக்கே பொன்னைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் என்று இதனைக் காண எனக்கு ஆசைதான். ஆனால் அது என் ஆசையேயன்றி ஆய்வு முடிபு அன்று. கங்க மன்னர் தம்மைக் குவளாலபுரத்துக்கு இறைவர் எனப் பட்டம் கூறிக்கொண்டனர். அம்மரபில் வந்த சீயகங்கன் வேண்டவே பவணந்தி முனிவர் நன்னூல் செய்தார் என்று அதன் சிறப்புப்பாயிரம் சொல்கிறது. எழுத்தும் சொல்லும் கற்க நாம் இன்றும் கையிலெடுக்கும் இலக்கணத்துக்கும் அந்தப் பொன் நிலத்துக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பதை வகுப்பறையில் சொல்லும்போது மாணவியர் முகத்தில் தோன்றும் வியப்பு எனக்குப் பழகிப்போன ஒன்று.

புதிய காலத்தில் இம்மண்ணின் பொன்னை முதலில் எழுத்தில் பதிந்தவர் ஜான் வாரன். 1802-இல் மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்க வந்த படைத்துறை அதிகாரி அவர். பொன் கிடைக்கும் என்ற பேச்சைக் கேட்டு, கொண்டுவந்து காட்டுவோர்க்குப் பரிசு உண்டு என அறிவித்தார். உரிகாம் ஊரார் வண்டிகளில் மண்ணை ஏற்றி வந்து அவர் கண்முன்னே அலசிக் காட்டினர். தட்டின் அடியில் பொன்துகள் தங்கியது. அதன்பின் மாரிக்குப்பத்தில் அவர் கண்ட காட்சியே நமக்கு முக்கியமானது. அங்கே பறையர் குடிகள் சிறு குழிகளில் இறங்கிப் பாறையை உடைத்தனர். வெவ்வேறு ஆழத்தில் நின்றவர்கள் கூடைகளைக் கைமாற்றி மேலே அனுப்பினர். பெண்கள் அக்கற்களைப் பெரும்பாறை மீது இட்டு இடித்துத் தூளாக்கினர். பிறகு நீரில் அலசிப் பொன்னைப் பிரித்தனர். தேடுதல், தோண்டுதல், இடித்தல், அரித்தல் ஆகிய சுரங்கத் தொழிலின் படிகள் முழுவதும் அக்குடிகளிடம் இருந்தன. வெங்கச்சங்கல் ஓடும் திசையைக் கண்ணால் பார்த்தே அறிந்தவர்கள் அவர்கள். இத்தனையும் எழுதிவைத்தவர் வாரனே. ஆயினும் ‘கோலார்ப் பொன்னைக் கண்டறிந்தவர் வாரன்’ என்ற தொடரே புத்தகங்களில் நிலைத்துவிட்டது. ஆறு காட்டியவனை விடுத்து ஆற்றை எழுதியவனுக்குப் பட்டம்!

வாரன்மீது எனக்குப் பகையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், தென்னாட்டுக் கால கணிதத்தை ஆராய்ந்து ‘கால சங்கலிதம்’ என்னும் நூலை 1825-இல் வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய்க் கொண்ட வாய்பாடுகளால் சந்திர கிரகணத்தைக் கணித்ததை நேரில் கண்டு அவர் எழுதிய பகுதி, உலக வானியல் வரலாற்றறிஞரால் போற்றப்பட்டது. மாரிக்குப்பத்தில் கூடையைக் கண்ட கண்ணே புதுவையில் சோழியையும் கண்டது. ஆனால் மாரிக்குப்பத்தில் எதிரே இருந்தவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

வாரனுக்கு எழுபதாண்டு கழித்து வந்தவர் இலவெல் என்னும் அயர்லாந்துக்காரர். நியூசிலாந்துப் போரில் பங்கேற்று ஓய்வுபெற்றுப் பெங்களூரில் தங்கியவர்; வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு 1871-இல் மாட்டு வண்டியில் கோலார் நோக்கிப் பயணமானார். 1875-இல் மைசூர் அரசிடம் இருபதாண்டு உரிமம் பெற்றார். தோண்டப் பொருள் இல்லாமையால் உரிமம் கைமாறியது. 1880-இல் ஜான் டெய்லர் குழுமம் வந்தது. முதல் மூன்றாண்டு வெறும் செலவுதான். மைசூர்ச் சுரங்கத்தின் முதல் ஏறக்குறையக் கரைந்து, மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, எஞ்சிய பணத்தில் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம் என்று துணிந்தனர். 1883-இல் பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவர் பழங்காலத்தார் விட்டுச்சென்ற குழிகளின் கீழே இறங்கிச் சாம்பியன் பொன்னடுக்கைக் கண்டார். பழங்குழிகளின் கீழே என்பதைக் கருதுக. முன்னோர் நின்ற இடத்திலிருந்துதான் பின்னவர் தொடங்கினர். 1905-ஆம் ஆண்டில் மட்டும் ஆறு லட்சம் அவுன்சுக்கு மேல் பொன் கிடைத்தது.

கோலாரில் தனிமனிதப் பொன்வேட்டைக்கு இடமில்லை. பொன் ஆற்றில் இல்லை. பாறையின் வயிற்றில் இருந்தது. ஆகவே உரிமம், குழுமம், எந்திரம், கூலி என்ற ஒழுங்கிலேயே எல்லாம் நடந்தது. கலிபோர்னியாவில் கல்லெடுத்தவனுக்குப் பொன் சொந்தம். மாரிக்குப்பத்திலோ, தலைமுறையாகப் பொன் எடுத்த மண்ணிலேயே ஒரு துண்டுக் கல் மடியில் இருந்தால் குற்றம் என்று 1897-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் ஆனது. நம் பொன் நிலத்துக் கதைகளில் திடீர்ச் செல்வர் எவரும் இல்லாமைக்கு இதுவே காரணம். அங்கே வழங்கிய கதைகள் இறங்கித் திரும்பாதவரைப் பற்றியவை. புதையலைப் பூதம் காக்கும், அது பலி கேட்கும் என்பது நம் நாட்டார் நம்பிக்கை. ஆழம் கூடக் கூட அழுத்தம் தாங்காது பாறை தானே வெடித்துச் சிதறும் சுரங்கத்தில், அந்நம்பிக்கை நாள்தோறும் மெய்யானது. பூதத்துக்குப் பொறியியலில் வேறு பெயர்; அவ்வளவே வேறுபாடு.

யார் இறங்கினார்கள்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து சென்றவர்களே பெரும்பான்மையர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தை நம் பகுதி மறக்கவில்லை. பஞ்சம் ஓய்ந்த இரண்டாம் ஆண்டு கோலாரில் ஆள் வேண்டும் என்ற குரல் எழுந்தது. சென்னை-பெங்களூர் இருப்புப்பாதை 1864 முதலே இருந்தது. 1894-இல் மாரிக்குப்பம் வரை கிளைப்பாதையும் வந்துவிட்டது. நம் செங்கல்பட்டுக்கு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையை இங்கு நினைக்க வேண்டும். இம்மாவட்டத்துப் பறையர் குடிகள் நிலமின்றி, குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்றி, கடனுக்குப் படியாளாய்க் கட்டுண்டிருந்த நிலையை அவர் வரி வரியாகப் பதிந்தார். பஞ்சமி நில ஆணை 1892-இல் பிறந்தது அதன் பயனாகவே. ஆக, பாலாற்றங்கரைப் படியாள் ஒருவனுக்குக் கோலார்ச் சுரங்கம் நரகமாக மட்டும் தோன்றியிராது. பாறை விழலாம், நுரையீரல் தூசியால் கல்லாகலாம். ஆயினும் மாதக் கூலி கையில் காசாக வரும், அங்கே ஆண்டையின் கால்நிழல் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அவர்கள் வண்டியேறினர். ஏமாந்து போனவர்கள் என்று அவர்களைச் சித்திரிக்கும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் காசு என்ன செய்தது என்பதைக் கவிஞர்களாகிய நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அது அச்சேறியது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தாங்கியோருள் கோலார்த் தங்கவயல் தொழிலாளர் முன்னணியில் நின்றனர். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை எழுந்தது. பண்டிதர் நூல்கள் அவ்வூரார் உதவியால் அச்சு வாகனம் ஏறின. பண்டிதர் 1914-இல் மறைந்து இதழும் நின்றபின், 1926-இல் ஜி.அப்பாதுரையார் அதே ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். பூமிக்கடியில் பகல் முழுவதும் வெளிச்சம் காணாதவர்கள் இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் மணிமேகலை படித்து வாதிட்ட ஊர் அது. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் இதற்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கினவா? 1999-இல் ஞான.அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட அயோத்திதாசர் சிந்தனைகளே பலருக்குக் கண் திறந்தது. நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் எங்கள் பாடத்திட்டத்தில் அப்பெயர் இல்லை.

அவ்வெழுத்தறிவின் மறுபக்கம் போராட்டம். தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து 1930 ஏப்ரலில் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. கூலியைவிட மானமே அங்கு வழக்காயிற்று. குற்றவாளியைப் போல ரேகை பதியமாட்டோம் என்றனர். 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் மாண்டனர்.

தங்கவயலின் பிற சிறப்புகள் பலரும் அறிந்தவை. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து 92 மைல் கம்பி வழியே மின்சாரம் அங்கு வந்தது. அம்மின்சாரம் கோடையிலும் குறையாதிருக்க வேண்டும் என்பது, கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் அரசு எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று. காவிரி வழக்கின் வேர்களுள் ஒன்று பொன்சுரங்கத்தில் இருக்கிறது என்றால் தஞ்சை உழவர் நம்புவாரா? அணுபுரத்து அன்பர்களுக்கு இன்னொரு செய்தி உவப்பளிக்கும். 1965-இல், ஏழாயிரம் அடிக்கும் கீழே, சாம்பியன் சுரங்கத்தில் வைத்த கருவிகளில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். உலகில் அத்தகைய முதற்பதிவுகளுள் அது ஒன்று. அக்கருவிகள் இருந்த ஆழம்வரை பாறையைக் குடைந்தவர்களும் மேற்சொன்னவர்களின் பேரன்மாரே.

சுரங்கம் 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் வெம்மை அறுபது பாகையைத் தாண்டும். பொன்னின் அளவோ டன்னுக்கு மூன்று கிராம் எனத் தேய்ந்தது. 1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் நடுவண் அரசிடமும், 1972-இல் பாரத் தங்கச்சுரங்க நிறுவனத்திடமும் வந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளியேறியது. அரைத்த பாறையின் தூள் ‘சயனைடு மேடு’ என்ற பெயரில் குன்று குன்றாக ஊரைச் சுற்றி நிற்கிறது. ஆடிக்காற்றில் அது பறந்து வீடுகளுக்குள் வருகிறது.

அண்மையில் திரைப்படங்கள் அவ்வூரைப் புதிய தொன்மமாக்கியுள்ளன. 2018-இல் வந்த கன்னடப் படம் ஊரின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு கதையைச் சொன்னது. 2024-இல் வந்த ‘தங்கலான்’ வட ஆர்க்காட்டுச் சேரியிலிருந்து கதையைத் தொடங்கியது. மிகைகள் பல இருந்தாலும், மாரிக்குப்பத்துக் கூடைகள் திரையில் தோன்றியதே எனக்குப் போதுமானதாயிருந்தது.

தங்கவயலில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து தொடர்வண்டி புறப்படுகிறது; சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் அதில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர்.