சேர்றதுக்கு முன்னாடி கேட்கணும்: நம்ம சம்பளத்தின் கதை



"ஆண்டு மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் கொடுங்க அக்கா" என்று நம்ம கூட்டமைப்பின் செயலாளர் கேட்டார். கோவில் வரலாறும் ஊர் வரலாறும் எழுதுவதற்கு வெள்ளகோவிலில் விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிறவள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு கணக்கின் வரலாற்றை எழுதுகிறேன். அது நம்ம பகுதிப் பெண்களின் சம்பளக் கணக்கு.

சின்ன வயதில் அப்புச்சியோடு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். சித்திரைத் தேரை ஒட்டிக் கூடுகிற சந்தை. ஒரு காளைக்கு விலை பேச அரை நாள் ஆகும். பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். படியவில்லை என்றால் அப்புச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். நம்ம ஊர்க்காரர்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

2000ஆம் வருசம், எனக்குப் பதினேழு வயதில், என் மூன்று வருச உழைப்புக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் விலை பேசினார்கள். அது கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

திண்ணையில் முடிந்த பேச்சு

அப்போது வெள்ளகோவில் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் 2009ல்தான் வந்தது. ஒரு நூல் மில்லுக்கு ஆள் சேர்க்கிறவர் வீட்டுக்கு வந்தார். மில்லின் பெயர் இங்கே வேண்டாம். "மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி வேலை செஞ்சா முப்பதாயிரம் மொத்தமாக் கைக்கு வருமுங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க ஒரு ரூபா கடன் வாங்க வேண்டியதில்லீங்க" என்றார். சாப்பாடு மில்லிலேயே. மாதம் 600 ரூபாய் கைச்செலவுக்கு. அப்பா "சரிங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

எத்தனை மணி நேரம் வேலை? நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் பணம் என்ன ஆகும்? இதெல்லாம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருசம் ஏழு மாதம் ஆனபோது பஞ்சுத் தூசியில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். மூன்று வருசம் முழுசாக முடியவில்லை என்று முப்பதாயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பது உங்களில் பல பேருக்குத் தெரியும். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று பல பெயர்களில் அது நடந்தது. கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படிப் போனார்கள்.

பல வருசம் கழித்து, குழுவில் கணக்கு எழுதப் பழகிய பிறகு, ஒரு நாள் அந்த முப்பதாயிரத்தை வகுத்துப் பார்த்தேன். மூன்று வருசம் என்றால் 1,095 நாள். ஒரு நாளைக்கு 27 ரூபாய் 40 பைசா. கைச்செலவுக்குக் கொடுத்த 20 ரூபாயையும் சேர்த்தால் ஐம்பது ரூபாய்கூட வரவில்லை. அதுவும் மூன்று வருசம் முடித்தவர்களுக்குத்தான்.

அன்றைக்கு ஏன் யாரும் வகுத்துப் பார்க்கவில்லை? அந்தப் பணத்துக்கு வைத்த பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். "சம்பளம்" என்று சொல்லியிருந்தால் அப்பா நாள் கூலி எவ்வளவு என்று கேட்டிருப்பார். "கல்யாணப் பணம்" என்று சொன்னதால் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

2008ல் தமிழக அரசு, நூற்பாலைகளில் பயிற்சியாளர் என்று சேர்க்கிறவர்களுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயித்தது. நாளுக்கு 110 ரூபாய், அதோடு பஞ்சப்படி. நான் மில்லை விட்டு வந்து ஐந்து வருசம் ஆகியிருந்தது. ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாட்டில் 1948லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அது எங்கள் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

முன்பணமும் ஜோடிக் கூலியும்

2003ல் கல்யாணம் ஆனது. அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கித்தான் எங்கள் கல்யாணமே நடந்தது. அவர் தறி ஓட்டுவார், நான் தார் போடுவேன். சனிக்கிழமை கூலி அவர் கைக்கு வரும். அதில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. "ஜோடியா வேலை செய்யறாங்க" என்பதோடு சரி. கூலி கம்மி என்று வேறு தறிக்குப் போகலாம் என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். எங்கே கட்டுவது?

முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தி வைப்பது கொத்தடிமை முறை என்று 1976ஆம் வருசச் சட்டம் சொல்கிறது. குழுப் பயிற்சியில் இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொத்தடிமை என்றால் எங்கேயோ செங்கல் சூளையில் இருப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பணம் வாங்கிய அன்றைக்கே நம்ம பேரம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் கூலியைப் பற்றிப் பேச வாய் வராது.

1984: திருப்பூரிலும் லண்டனிலும்

கேட்டு வாங்கியவர்களும் நம்ம பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறும்போது கூலியும் ஏற வேண்டும் என்பதுதான் கேள்வி. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாழ்கிற குடும்பங்கள் நான்கு மாதத்துக்கு மேல் தாக்குப் பிடித்தன என்றால் யோசித்துப் பாருங்கள். முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, சில வருசங்களுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடுகிற வழக்கம் இன்றைக்கும் திருப்பூரில் இருக்கிறது.

ஆனால் அந்த ஒப்பந்தங்களிலும் நாம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கட்டிங், டைலர், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கூலி. கைமடி, டேமேஜ் பார்ப்பது, அடுக்கிக் கட்டுவது மாதிரி வேலைகளுக்குக் கூலி கம்மி. பெண்கள் அதிகம் இருப்பது அங்கேதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சட்டம் 1976லேயே வந்தது. ஆனால் வேலையின் பெயரே வேறு என்றால் அந்தச் சட்டம் நமக்கு எப்படி உதவும்?

இதே கேள்வியை நம்மை மாதிரித் தையல் வேலை செய்த பெண்கள் கடல் தாண்டியும் கேட்டிருக்கிறார்கள். லண்டன் பக்கம் டேகன்ஹாம் என்ற ஊரில் ஃபோர்டு கார் கம்பெனி இருந்தது. கார் சீட்டுக்கு உறை தைக்கிற 187 பெண்கள் 1968ல் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் வேலையைக் கம்பெனி "திறமை தேவையில்லாத வேலை" என்ற பட்டியலில் வைத்திருந்தது. சீட்டு உறை இல்லாமல் கார் வெளியே போகுமா? மூன்று வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. ஆண்களின் கூலியில் நூற்றுக்கு 92 தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அதை ஒட்டித்தான் 1970ல் அங்கே சமக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் தங்கள் வேலை திறமையான வேலைதான் என்று கம்பெனியை ஒப்புக்கொள்ள வைக்க அவர்கள் இன்னொரு முறை வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அது எந்த வருசம் தெரியுமா? 1984. திருப்பூரில் 127 நாள் போராட்டம் நடந்த அதே வருசம்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். எவ்வளவு தருவீர்கள் என்று மட்டும் கேட்டால் பத்தாது. எந்த வேலை என்று எழுதிச் சேர்க்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். ஹெல்பர் என்று சேர்த்துவிட்டு டைலர் வேலை வாங்குவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

என் மகள் கேட்டாள்

தர்மபுரியில் 1989ல் முதல் மகளிர் குழுக்கள் ஆரம்பித்ததை நம்ம பயிற்சிகளில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த வழியில் வந்த நாம் பேங்க் மேனேஜரிடம் வட்டி என்ன, தவணை எத்தனை, பிடித்தம் எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. கடன் வாங்கும்போது இவ்வளவு கேட்கிற நாம், உழைப்பைக் கொடுக்கும்போது வாயை மூடிக்கொள்கிறோம்.

என் மகள் 2024ல் பி.காம் முடித்தாள். காங்கயத்தில் ஒரு ஆபீசில் கணக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாதம் பத்தாயிரம் என்றார்கள். எனக்குச் சந்தோசம், உடனே "சரிங்கன்னு சொல்லிரு கண்ணு" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு போனில் சொன்னாள்: "எனக்கு டாலி தெரியுமுங்க, ஜிஎஸ்டி கணக்கும் போடுவேன். பதிமூணாயிரம் எதிர்பார்க்கிறேனுங்க. பிஎஃப் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும்னும் சொல்லுங்க." அந்தப் பக்கம் "யோசிச்சுச் சொல்றோம்மா" என்று வைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் போன் வரவில்லை. இத்தனையும் தெரிந்த நானே, "வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாமல்ல?" என்று அவளைத் திட்டினேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. திண்ணைக் கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பயம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டார்கள். பதினோராயிரம், பஸ் செலவு தனி, ஆறு மாதம் கழித்துச் சம்பளத்தைத் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். "அதை ஆர்டர்லயே எழுதிக் கொடுத்துருங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தாள். ஆறு மாதம் கழித்து அவர்களாக எதுவும் சொல்லவில்லை. இவள் அந்தக் கடிதத்தைக் காட்டியதும் பன்னிரண்டாயிரம் ஆக்கினார்கள். கேட்ட பதிமூன்று கிடைக்கவில்லை. கேட்டதற்காக யாரும் வேலை இல்லை என்றும் சொல்லவில்லை.

நீங்களோ உங்கள் பிள்ளைகளோ வேலைக்குச் சேருவதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

1. என்ன வேலை என்று எழுதிச் சேர்க்கிறீர்கள்?
2. நாள் கூலியா, மாதச் சம்பளமா, பீஸ் ரேட்டா? மொத்தம் எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?
3. எத்தனை மணி நேர வேலை? எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி உண்டா? (1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டமே ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்று சொல்லியிருக்கிறது.)
4. பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? (பிஎஃப்பில் நம்மிடம் பிடிப்பதைப் போல அவர்களும் ஒரு பங்கு போட வேண்டும்.)
5. நடுவில் நின்றால் அதுவரை செய்த வேலைக்குச் சம்பளம் எப்போது வரும்?
6. சம்பளம் எப்போது ஏறும்?

அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அந்த வேலைக்கு எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் 1ஆம் தேதி பஞ்சப்படி மாறும். அதனால் போன வருசக் கணக்கை வைத்துப் பேசாதீர்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் குழுவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த ஆறு கேள்விகளையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் ஊரில் எந்தத் திண்ணைக்கு ஆள் சேர்க்கிறவர் வந்தாலும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் போய் உட்காருங்கள். வேலைக்குப் போகப் போகிற பிள்ளையையும் கதவுக்கு வெளியே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.